புலம்பும் துணையும்

பழந்தமிழில் 'புலம்பு' என்னும் சொல்லுக்குத் தனிமை என்பது பொருள். தொல்காப்பியர் உரியியலில் அச்சொல்லுக்கு அப்பொருளையே வகுத்துரைக்கிறார். இன்றைய வழக்கில் புலம்புதல் என்றால் வாய்விட்டு அரற்றுதல். கேட்பார் இருப்பினும் இல்லாவிடினும் உள்ளத்துத் துயரைச் சொல்லிக்கொண்டே இருத்தல். தனிமையைக் குறித்த ஒரு சொல், பேச்சைக் குறிக்கும் சொல்லாக மாறிய வரலாறு சிந்தனைக்குரியது. தனித்திருப்பவர் வாய்மூடி இருப்பதில்லை என்னும் மெய்ம்மை அச்சொல்லின் வரலாற்றிலேயே பதிந்து கிடக்கிறது.

சங்கப் பாடல்கள் இதற்குச் சான்று. நெய்தல் நிலத்துத் தலைவி, தலைவனைப் பிரிந்து தனித்திருக்கும் வேளையில், கடலை நோக்கிப் பேசுகிறாள்; நண்டை அழைத்துச் சொல்கிறாள்; நாரையைத் தூது செல்லுமாறு வேண்டுகிறாள். இத்தகைய பேச்சுக்குக் 'காமம் மிக்க கழிபடர் கிளவி' என்று துறைப்பெயரும் உண்டு. ஞாயிறும் திங்களும், கடலும் மரமும், பறவையும் நெஞ்சும் கேட்பன போலவும் சொல்லுவன போலவும் செய்யுளில் அமைத்துக்கொள்ளப்படும் என்று தொல்காப்பியம் செய்யுளியலில் இலக்கணமும் கூறுகிறது. தமிழிலக்கணம் இடத்தைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூன்றாகப் பகுக்கும். தனிமை என்பது முன்னிலை இல்லாத நிலை. தன்மை மட்டும் எஞ்சி, உலகம் முழுவதும் படர்க்கையாகிவிட்ட நிலை. அந்நிலையில் மனித உள்ளம் எப்பாடுபட்டேனும் ஒரு முன்னிலையைத் தேடிக்கொள்கிறது.

கிறித்தவ சமயத்தார் தனிமையில் ஆறுதல் கண்டதாகக் கூறும் எழுத்துகளை இந்த இலக்கணக் கண்கொண்டு நோக்கினால், அவற்றின் உட்பொருள் தெளிவாக விளங்கும். அவ்வெழுத்துகளைச் சமயப் பிரசாரம் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் ஒருபுறம். பக்திப் பெருக்கு என்று ஆராயாமற் புகழும் வழக்கம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே அவற்றை இலக்கியமாக வைத்து எடைபோடுதல் தமிழாசிரியர் கடமை.

ரப்பர்க் காட்டுத் தனிமை

மலாக்கா மாநிலத்தில் ஜாசின் வட்டாரத் தமிழர்க்குத் தனிமை என்பது ஏட்டில் மட்டும் கண்ட பொருளன்று. மலாயாவில் வாணிக நோக்குடன் ரப்பர் பயிரிடும் முயற்சி மலாக்காவிலேதான் தொடங்கிற்று. 1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் பெருந்தோட்டம் எழுந்தது. அதன்பின் பெம்பான், மெர்லிமாவ், அசகான் பக்கங்களிலெல்லாம் தமிழர் உழைப்பில் தோட்டங்கள் வளர்ந்தன.

மரம் சீவும் தொழில் தனியாள் தொழில். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, அவரவர் தத்தம் நிரைக்குப் பிரிந்து செல்வர். சில நூறு மரங்களுக்கு நடுவே ஒரே ஆள். கையில் உளி, தலையில் விளக்கு, சுற்றிலும் இருளும் கொசுவும். கங்காணி வந்து எட்டிப்பார்க்கும் வரையில் பேச்சுத் துணை கிடையாது. லயத்தில் கூட்டமாக வாழ்ந்த மக்கள், வேலைப்பொழுதின் பெரும்பகுதியைத் தனிமையிலேயே கழித்தனர். கடல் கடந்து வந்தவர்க்கு அத்தனிமை இருமடங்காயிற்று. ஊருக்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வரப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்க்கு அதுவும் இல்லை.

இன்று அவ்விடங்களிற் பலவற்றில் ரப்பருக்கு மாறாகச் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல கலைந்தன. பிள்ளைகள் மலாக்கா நகருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றுவிட, முதியோர் பலர் தனியே இருக்கின்றனர். தனிமையின் உருவம் மாறியிருக்கிறது; தனிமை மாறவில்லை. ஆகவே 'தனிமையில் ஆறுதல்' என்னும் பொருள் இவ்வட்டாரத்து வாசகர்க்கு அன்றாட வாழ்வோடு ஒட்டிய பொருள். தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபடுவோர், கிறித்தவர் சிறுபான்மையினர். எனினும் தனிமை சமயம் பார்த்து வருவதில்லை. ஒரு சமயத்தார் அதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று அறிதல் எல்லார்க்கும் பயனுடையது.

மலாக்காக் குன்றின் வெறுங்குழி

இப்பொருளுக்கு மிக அண்மையில் நிற்கும் சான்று மலாக்கா நகரத்துக் குன்றின்மேல் இருக்கிறது. இடிந்த புனித பவுல் ஆலயத்தினுள்ளே, கம்பியால் மூடப்பட்ட ஒரு குழியை ஜாசின் பள்ளி மாணவர் பலர் சுற்றுலாவிற் கண்டிருப்பர். புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553-ஆம் ஆண்டில் சில மாதங்கள் அக்குழியில் இருந்தது. அதற்கு முன் அவர் உயிரோடு அக்குன்றில் வாழ்ந்தவர். 1545-ஆம் ஆண்டு முதல் மலாக்காவுக்குப் பன்முறை வந்து தங்கியவர்.

சவேரியார் தமிழர்க்கு அயலார் அல்லர். 1542-ஆம் ஆண்டில் கோவாவை அடைந்த அவர், அவ்வாண்டே முத்துக்குளித்துறைக் கரைக்குச் சென்று பரதவர் ஊர்களில் பணிசெய்தார். தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களின் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணி அடித்துச் சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார். தமிழை அவர் ஆழக் கற்றாரில்லை. 1544-ஆம் ஆண்டில் அக்கரையிலிருந்து தம் உடன்பணியாளர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில், மொழிபெயர்ப்பாளர் இன்றித் தாம் படும் பாட்டைக் கூறுகிறார். தாம் பேசுவது மக்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் பேசுவது தமக்கு அதனினும் விளங்கவில்லை என்பது அக்கடிதத்தின் கருத்து. ஆயிரம் பேர் நடுவே தனிமை என்பது இதுதான். தமிழ் நாட்டிலே, தமிழ் மக்கள் நடுவிலே, தமிழ் தெரியாமையால் ஒரு மனிதர் தனித்து நின்றார். கடல் கடந்து மலாயா வந்திறங்கிய தமிழர், மலாய் மொழியும் ஆங்கிலமும் அறியாது தோட்டத்து அலுவலகத்தின் முன் நின்ற நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அத்தனிமைக்கு அவர் கண்ட மருந்து யாது? 1546-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாக்காவிலிருந்து கீழைத் தீவுகளுக்குக் கப்பலேறிய சவேரியார், மே மாதத்தில் அம்போய்னாத் தீவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபைத் தோழர்க்கு ஒரு கடிதம் வரைந்தார். தோழர்கள் தமக்கு எழுதிய கடிதங்களில் அவரவர் தம் கைப்பட இட்டிருந்த பெயர்களை வெட்டியெடுத்து, தம் துறவு வாக்குறுதித் தாளோடு சேர்த்து, எப்போதும் உடன் கொண்டு திரிவதாகவும், அதனால் தமக்கு ஆறுதல் உண்டாவதாகவும் அதில் தெரிவிக்கிறார்.

இச்செய்தியைப் படிப்போர் முதலில் காண்பது மனித நட்பின் உருக்கம். அது மெய்யே. ஆயினும் இலக்கிய நோக்கில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அவர் வெட்டியெடுத்தது கடிதத்தின் செய்தியை அன்று, பெயரை. செய்தி பழையதாகிவிடும். ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்வதற்குள் அதிலுள்ள செய்தி ஆண்டுக்கணக்கில் பழகிப்போகும். பெயர் பழையதாவதில்லை. பெயர் விளிக்கப்படுவது, முன்னிலையாக்கும் ஆற்றல் உடையது. தோழர் பெயர்களோடு கடவுளுக்குத் தந்த வாக்குறுதியையும் அவர் ஒரே பொதியில் வைத்தார். மனிதத் துணையும் இறைத் துணையும் அவர் உள்ளத்தில் பகைப்பொருள்களாக இல்லை. கிறித்தவ ஆறுதலைப் பற்றிப் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

முடிவிலும் ஒரு பாடம் உண்டு. 1552-ஆம் ஆண்டில் மலாக்காவின் போர்த்துக்கீசியத் தலைவரோடு ஏற்பட்ட கசப்பான பிணக்கோடு இந்நகரை விட்டுப் புறப்பட்ட சவேரியார், சீனக் கரையை ஒட்டிய சாங்சுவான் தீவில் நோயுற்று, அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் உயிர் நீத்தார். பிறந்த நாட்டாரும் சபைத் தோழரும் அருகில் இலர்; அந்தோணி என்னும் சீனக் கிறித்தவரே உடனிருந்து காத்தார். இதனை அறியாத சபைத் தலைவர் இஞ்ஞாசியார், 1553-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அழைத்துக் கடிதம் எழுதினார். அக்கடிதம் உரோமையில் எழுதப்பட்ட நாளில், அதற்குரியவர் மலாக்காக் குன்றின் குழியில் கிடந்தார். மனிதக் கடிதம் காலந்தாழ்ந்து வரும், வராமலும் போகும். அவ்விடைவெளியை நிரப்பவே அவர் நாடோறும் செபத்தில் ஒருவரை விளித்துப் பேசினார்.

'அவர்' என்பது 'நீர்' ஆதல்

சவேரியார் ஓதிய செபங்களுக்கும், பின்வந்த கிறித்தவப் பாடல்கள் பலவற்றுக்கும் ஊற்றாக நிற்பது பழைய ஏற்பாட்டுச் சங்கீதம். அவற்றுள் 23-ஆம் சங்கீதம் உலகெங்கும் தனித்திருப்போரும் நோயுற்றோரும் ஓதுவது. கடவுளை ஆயனாகவும் தன்னை ஆடாகவும் உருவகித்துப் பாடும் அச்சிறு பாடலின் அமைப்பைத் தமிழாசிரியர் ஒருமுறை இலக்கணக் கண்ணால் நோக்குதல் நலம். பாடலின் முற்பகுதி கடவுளைப் படர்க்கையில் வைத்துப் பேசுகிறது. புல்வெளியும் நீர்நிலையும் நல்வழியும் கூறப்படும் இன்பப் பகுதி அது. சாவின் நிழல் படிந்த பள்ளத்தாக்கு வந்தவுடனே, படர்க்கை முன்னிலையாக மாறிவிடுகிறது. வெளிச்சத்தில் கடவுளைப் பற்றிப் பேசியவர் இருட்டில் கடவுளோடு பேசுகிறார்.

அப்பாடல் பள்ளத்தாக்கை அகற்றிவிட்டதாகக் கூறவில்லை. இருளும் அப்படியே இருக்கிறது. மாறியது இடம் மட்டுமே. இந்த ஒரு மாற்றமே கிறித்தவர் கூறும் ஆறுதலின் சாரம் எனலாம். முந்திய 22-ஆம் சங்கீதம் இதற்கும் ஒருபடி மேலே செல்கிறது. அது கைவிடப்பட்டேன் என்னும் ஓலத்தோடு தொடங்குகிறது. இயேசு சிலுவையில் அதனையே கூவினார் என்று நற்செய்தி நூல்கள் தெரிவிக்கின்றன. அவ்வோலமும் முன்னிலையில்தான் இருக்கிறது. கைவிட்டுவிட்டதாகக் கருதப்படுபவரையே விளித்து முறையிடுகிறது. முறையீடு உள்ளவரையில் உறவு அற்றுப்போகவில்லை. திருவாசகத்தையும் நம்மாழ்வார் பாசுரங்களையும் பயின்ற தமிழ் உள்ளத்திற்கு இது புதிதாகத் தோன்றாது.

சிறையிற் பிறந்த எழுத்து

இவ்வுண்மையைக் கதையாக்கியவர் ஆங்கில நாட்டு ஜான் பனியன். அரசின் இசைவின்றிச் சமயப் பொழிவு செய்த குற்றத்திற்காக 1660-ஆம் ஆண்டில் பெட்போர்டுச் சிறையில் அடைபட்ட அவர், 1672-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கழித்தார். இனி அவ்வாறு செய்யேன் என்று வாக்களித்திருந்தால் வெளியே வந்திருக்கலாம், அவர் வாக்களிக்கவில்லை. மனைவியையும் மக்களையும், அவர்களுள்ளும் கண் தெரியாத மகளையும் பிரிந்திருத்தல், எலும்பிலிருந்து தசையைப் பிய்த்தாற்போன்ற வேதனை என்று தம் வரலாற்றை உரைக்கும் நூலில் அவர் குறிப்பிடுகிறார். நம்பிக்கை உடையவர்க்குத் தனிமை வலிக்காது என்று எண்ணுவோர்க்கு அந்நூல் தக்க மறுப்பு.

அவருடைய புகழ்பெற்ற பயணக் கதையின் முதற் பகுதி 1678-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ் உரைநடையில் அது 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரால் வழங்குகிறது. முதுகிற் சுமையும் கையில் நூலுமாக ஒருவன் தன் ஊரை விட்டு ஓடுகிறான். மனைவி மக்கள் கூவி அழைக்க, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சாவு நிழற் பள்ளத்தாக்கில் நள்ளிருளில் தனியே செல்லும்போது, முன்னே எங்கோ ஒரு மனிதக் குரல் கேட்கிறது. அக்குரல் ஓதுவது மேற்கூறிய 23-ஆம் சங்கீதத்தில் படர்க்கை முன்னிலையாக மாறும் அதே அடி. பயணி மகிழ்கிறான். தன்னைப்போல் இறையச்சம் உடைய இன்னொருவரும் இப்பள்ளத்தாக்கில் இருக்கிறார். அவரோடு கடவுள் இருப்பின் தன்னோடும் இருப்பார். விரைந்து நடந்தால் வழித்துணையும் வாய்க்கும் என்று மூன்று காரணம் கண்டு தேறுகிறான். முன்னே செல்பவரின் முகம் தெரியவில்லை. கை கொடுக்கவும் இல்லை. குரல் ஒன்றே போதுமானதாகிறது. ஒருவர் தம் இருளில் தமக்காகச் சொல்லிக்கொண்ட சொல், பின்னே வரும் மற்றொருவர்க்கு விளக்காயிற்று. இலக்கியம் செய்யும் பணியும் இதுவே.

கிருஷ்ணபிள்ளை செய்த மாற்றம்

பனியன் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827-ஆம் ஆண்டு வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பராமாயணத்திலும் ஆழ்வார் பாசுரங்களிலும் ஊறி வளர்ந்தவர். 1858-ஆம் ஆண்டில் சென்னையில் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார். அக்காலத்தில் அவ்வாறு மதம் மாறிய ஒருவர்க்குச் சுற்றமும் ஊரும் விலகி நிற்றல் இயல்பு. ஆகவே ஊரை விட்டு ஓடும் பயணியின் கதை அவர்க்கு அயல்நாட்டுக் கதையாக இருந்திருக்க இயலாது. அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும், 3,700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. நூலாக வெளிவந்த ஆண்டு 1894. மலாக்கா மண்ணில் ரப்பர் நடப்படுவதற்கு இரண்டாண்டு முற்பட்டது அது.

அவர் பனியனை மொழிபெயர்த்தாரில்லை; தழுவினார். அத்தழுவலில் செய்த இரண்டு மாற்றங்கள் இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதன.

முதலாவது, கதைப்போக்கின் இடையிடையே 'தேவாரம்' என்னும் பெயரால் இசைப்பாடல்களை அமைத்தமை. பனியன் நூலிலும் சிறு பாடல்கள் உண்டு. ஆயினும் அவை பெரும்பாலும் நடந்ததைத் தொகுத்துரைக்கும் குறிப்புகள். கிருஷ்ணபிள்ளையின் தேவாரங்கள் அத்தகையன அல்ல. கதை நின்றுவிடுகிறது, பயணியின் நடை நின்றுவிடுகிறது, உள்ளம் ஆண்டவனை நேரே விளித்து உருகுகிறது. காப்பியம் படர்க்கையில் நடப்பது. பதிகம் முன்னிலையில் பேசுவது. சங்கீதக்காரர் ஒரே பாட்டில் செய்த இடமாற்றத்தைக் கிருஷ்ணபிள்ளை ஒரு பெருங்காப்பியம் முழுவதிலும் பன்முறை செய்துகாட்டுகிறார். நாயன்மாரும் ஆழ்வாரும் தமிழுக்குத் தந்த முன்னிலை மொழி கையிருந்ததனாலேயே அவர்க்கு இது கைகூடிற்று. பழைய சமயத்தை விட்டபோதும், அச்சமயம் தந்த மொழியை அவர் விடவில்லை. உறவை இழந்த தனிமையில் அவர்க்குத் துணைநின்றது புதிய நம்பிக்கை மட்டுமன்று. பழைய தமிழும் ஆகும்.

இரண்டாவது, இயேசுவின் பாடுகளின் வரலாற்றைக் குமார பருவத்தில் விரித்துப் பாடியமை. பனியன் கதையில் பயணி சிலுவையைக் கண்டதும் சுமை கழன்று விழும். அங்கே அக்காட்சி சுருக்கமானது. கிருஷ்ணபிள்ளை சிலுவைக்குப் பின்னேயுள்ள கதையைக் காட்டாமல் மேற்செல்ல விரும்பவில்லை. ஆட்சியாளன் மன்றிலே, ஊரே திரண்டு எதிர்த்து நிற்க, ஒருவர் மட்டும் மாறுரை கூறாது நிற்கும் காட்சி தமிழ்க் கவிதையில் மறக்கொணாத ஒன்று. தனிமையின் உச்சத்தில் நிற்பவர் அங்கே பக்தர் அல்லர். பக்தர் விளித்துப் பேசும் அவரே. கிறித்தவ ஆறுதலின் தனித்தன்மை இங்கே விளங்கும். தனித்திருப்பவர் உயரத்திலிருந்து இரங்கும் ஒருவரை மட்டும் விளிக்கவில்லை. தம்மைப் போலவே, தம்மினும் மிகுதியாக, தனித்து விடப்பட்ட ஒருவரை விளிக்கிறார். துன்பம் அறிந்த முன்னிலையிடம் துன்பத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

குறைகளும் கூறத்தக்கன

நிறையைக் கூறிய வாயால் குறையையும் கூறுதல் திறனாய்வின் நெறி. 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெயரே வடசொல்லால் ஆயது. நூலினுள்ளும் வடசொற் செறிவு மிகுதி. எளிய பயணியின் தனிமையைப் பாட வந்த நூல், எளிய வாசகர்க்கு எட்டாத உயரத்தில் சில இடங்களில் நின்றுவிடுகிறது. காப்பிய மரபுக்காக அமைந்த வருணனைகள் பயணியின் தனிமையை நிரப்பிவிடுகின்றன. பாதையின் வெறுமை வாசகர்க்குத் தோன்றுவதில்லை. பனியனின் உரைநடையில் ஒரு வரியில் உறைக்கும் அச்சம், இங்கே பத்து விருத்தங்களில் பரந்து நீர்த்துப்போவதும் உண்டு. பண்புகளுக்குப் பெயரிட்டு மாந்தராக்கிய இடங்களில் உரையாடல் பொழிவாக நீள்கிறது. பொழிவு கேட்பவர் தனிமையை மறக்கலாம், அதைக் கடக்க இயலாது. இக்காரணங்களாலேயே தேவாரப் பகுதிகளும், அவருடைய 'இரட்சணிய மனோகரம்' என்னும் பக்திப் பாடல் தொகுதியும் காப்பியத்தின் கதைப் பகுதியினும் மக்கள் உள்ளத்துக்கு அண்மையில் நிற்கின்றன. ஆறுதல் தேடுபவர் காப்பியம் கேட்பதில்லை. ஒரு பாட்டைக் கேட்கிறார்.

ஒரு வினாவும் அதன் விடையும்

நம்பிக்கை இல்லாத வாசகர் ஒருவர் இங்கே வினவலாம்: நெய்தல் தலைவி நண்டோடு பேசியதற்கும் பக்தர் கடவுளோடு பேசுவதற்கும் வேறுபாடு யாது? இரண்டும் மறுமொழி வாராத பேச்சே அன்றோ?

இவ்வினா நேர்மையானது. கடவுள் கேட்கிறாரா என்பதைத் திறனாய்வு முடிவு செய்ய இயலாது. அது நம்பிக்கையின் எல்லை. எனினும் எழுத்தில் காணும் வேறுபாடு ஒன்றைச் சுட்டலாம். தலைவி நண்டிடம் மறுமொழியை எதிர்பார்ப்பதில்லை. வராததற்காக நண்டோடு பிணங்குவதும் மிக அரிது. பக்தரோ எதிர்பார்க்கிறார், தாழ்த்தினால் வழக்காடுகிறார், காத்திருக்கிறார். காத்திருத்தல் தனிமைக்கு ஒரு திசையைத் தருகிறது. வெறுமனே தனித்திருப்பதும் ஒருவரை எதிர்நோக்கித் தனித்திருப்பதும் ஒன்றாகா என்பதை முல்லைத் திணை அறிந்த தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதனினும் கடிய வினா மற்றொன்று உண்டு. இறைத்துணை இருக்கிறதே என்று சொல்லி, மனிதர் தம் கடமையை மறப்பதற்கு இவ்விலக்கியம் இடந்தருமா? தவறாகப் படித்தால் தரும். தனியே கிடக்கும் முதியவரிடம் செபநூலைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுதல் எளிது. ஆனால் மேற்கண்ட எழுத்துகள் எதுவும் அதற்கு உடன்படவில்லை. நோயாளியையும் சிறையிலிருப்பவரையும் சென்று காண்பதைத் தம்மையே காண்பதாக இயேசு கூறினார் என்று மத்தேயு நற்செய்தி உரைக்கிறது. சவேரியார் தோழர் பெயர்களை வாக்குறுதித் தாளோடு சேர்த்தே வைத்தார். பனியனும் தம் முதற் பகுதியோடு நின்றாரில்லை. 1684-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாம் பகுதியில், கைவிட்டுச் சென்ற மனைவியும் மக்களும் அதே வழியில் புறப்படுகின்றனர். அவர்கள் தனியே செல்லவில்லை. துணைப் பெண்ணும் வழிகாட்டியும் உடன் செல்ல, வழியிற் கண்ட நலிந்தோரையும் ஊன்றுகோல் ஊன்றியோரையும் சேர்த்துக்கொண்டு கூட்டமாகச் செல்கின்றனர். காதைப் பொத்திக்கொண்டு ஓடிய முதற் பகுதிக்குப் பனியனே எழுதிய திருத்தம் அது எனலாம். கிருஷ்ணபிள்ளையின் காப்பியம் முதற் பகுதிக் கதையையே பற்றி நின்றது தமிழுக்கு நேர்ந்த ஓர் இழப்பு. இரண்டாம் பகுதியும் தேவாரத்தோடு தமிழில் வந்திருக்குமாயின், துணையோடு நடக்கும் பயணத்தின் பாட்டும் கிடைத்திருக்கும்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

கிறித்தவத் தமிழ் இலக்கியத்தைத் தமிழ் வகுப்பில் எடுக்கும்போது, ஆசிரியன் பெயர், நூற்பெயர், பாடற்றொகை என்னும் மூன்றோடு நிறுத்திவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சமய நூல் என்னும் தயக்கமே அதற்குக் காரணம். நெய்தற் பாட்டு ஒன்றையும், ஆழ்வார் தூதுப் பாசுரம் ஒன்றையும், இரட்சணிய யாத்திரிகத் தேவாரம் ஒன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, மூன்றிலும் தனித்திருப்பவர் யாரை முன்னிலையாக்குகிறார் என்று மாணவரைக் கேட்டால் அத்தயக்கம் தானே அகலும். மாணவர் தம் சமயத்தை விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. பிறர் சமயத்தை ஏற்க வேண்டுவதும் இல்லை. தமிழ் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தனிமையோடு எவ்வாறு பேசிவந்திருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்கு விளங்கும். பாட்டி தாத்தாவைத் தோட்டத்தில் விட்டு நகரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு அவ்விளக்கம் பாட நூலோடு முடிந்துவிடாது.

மலாக்காக் குன்றில் உள்ள குழி வெறுமையானது. அதில் கிடந்த உடல் 1553-ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டுக் கோவாவுக்குச் சென்றுவிட்டது. அவருக்கு உரோமையில் எழுதப்பட்ட கடிதம் அவரை அடையவில்லை. அவர் முத்துக்குளித்துறைச் சிறுவர்க்குத் திக்கித் திணறி ஓதுவித்த தமிழ்ச் செபம் மட்டும் நிற்கவில்லை. அவர் வழியில் அக்கரையில் தமிழ் கற்றுப் பணிசெய்த என்றீக்கு என்றீக்கசு பாதிரியார் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேற்றிய தமிழ் நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. வணக்கம் என்பதும் ஒருவரை முன்னே வைத்துச் சொல்வதே. ஜாசின் பக்கத்து வீடொன்றில் இன்றிரவு விளக்கணையுமுன் ஒரு மூதாட்டி தனியே இருந்து செபமாலை உருட்டுவாராயின், அவர் புலம்புகிறார் என்று அடுத்த வீட்டார் கூறலாம். பழந்தமிழில் அச்சொல்லின் பொருள் தனிமை. அதை அறிந்தவர் கதவைத் தட்டி உள்ளே சென்று, அவர் பக்கத்தில் சற்று அமர்வர்.